“ரெட் அலர்ட்னா, பையைக் கட்டிடணும்!” - மழையைக் கணக்குப் போடும் ஒரு முடிச்சூர் வீடு

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் அந்த வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீலநிறப் பை எப்போதும் இருக்கும். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், மாமியாரின் பி.பி மாத்திரை, டார்ச் லைட். ஐப்பசி பிறந்தால் பை கீழே இறங்கும். தை பிறந்தால்தான் மேலே ஏறும்.

அந்த வீட்டு அம்மாவுக்கு 48 வயது. பல்லாவரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. 2015, டிசம்பர் 1-ம் தேதி வரை, வானிலை அறிக்கை வந்தால் சேனலை மாற்றுகிறவராகத்தான் இருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. விடாத மழை. மறுநாள் காலை 8.30 மணிக்குக் கணக்கெடுத்தபோது, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். பெயர் வைத்த புயல் எதுவும் அன்று இல்லை என்பதுதான் விஷயமே. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் அடையாற்றில் சேர்ந்து, வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்தது. செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் கலப்பது இதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான். செம்பரம்பாக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முடிச்சூரின் ஆபத்து தெரியவில்லை.

அப்போது அவருடைய அப்பாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். நடக்க முடியாதவர். இடுப்பளவுத் தண்ணீரில் நாற்காலியோடு தூக்கி, எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஜி.எஸ்.டி சாலையில் வெள்ளம். மின்சார ரயில் ஓடவில்லை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். பாரிமுனைக்கு வேலைக்குப் போன கணவர் மூன்றாம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தார். “ரேடியோல நேத்தே கனமழைன்னு சொன்னான்மா. நாமதான் காதுல வாங்கலை” என்றாராம் அப்பா, மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு.

அந்த ஒரு வாக்கியம் அவரை விடவே இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை நிறங்களைக் கற்றுக்கொண்டார். 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்றால் சிவப்பு. ஆனால், அது மாவட்டத்துக்கான எச்சரிக்கை. அந்த மழை நம் தெருவில்தான் கொட்டும் என்று அர்த்தமில்லை என்பதும் போகப்போகப் புரிந்தது.

பெய்யாத மழை

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திய படங்கள் ஊரெல்லாம் சுற்றின. இவரும் ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றினார்; ஸ்கூட்டரைப் பாலத்துப் பக்கம் நிறுத்தினார். 15-ம் தேதி நல்ல மழை. சிவப்பு என்று சொன்ன 16-ம் தேதியோ, தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து, வானம் வெளுத்துவிட்டது.

“உன் ரெட் அலர்ட் எங்கே போச்சு?” என்று தெருவே கிண்டல் செய்தது. கணவரும் சேர்ந்துகொண்டார். “ஃபிரிட்ஜை இறக்கக் கூலி கேட்டேனா, பேசாம இருங்க” என்றார் அவர்.

அப்பாவின் திதி

அடுத்த மாதமே சோதனை வந்தது. நவம்பர் 30, சனிக்கிழமை, அமாவாசை. அப்பாவின் திதி. புதுச்சேரியில் தம்பி வீட்டில் கொடுப்பது வழக்கம். அப்பா போனதிலிருந்து ஒரு வருடம்கூட அவர் தவறவிட்டதில்லை.

வியாழக்கிழமை, வங்கக்கடலில் இருப்பது புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். “புயலே இல்லையாம், கிளம்பலாம்” என்றார் கணவர். வெள்ளிக்கிழமை பிற்பகல் அது புயலாகிவிட்டது. பெயர் ஃபெஞ்சல். “பார்த்தியா, இவங்களுக்கே தெரியலை!” என்று அதற்கும் கிண்டல்.

ஆனால், அவர் பார்த்தது வேறு. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். அதற்குக் கொஞ்சம் குறைந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். மாறியது அந்தப் பெயர்தான். காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரி அருகே என்ற இடம் மாறவில்லை. கனமழை என்ற வார்த்தையும் மாறவில்லை. 2015-ல் மூழ்கடித்த மழைக்குப் பெயரே இல்லையே! சனிக்கிழமை பிற்பகல் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் பொதுப் போக்குவரத்து நிறுத்தம் என்று அரசும் அறிவித்தது.

வெள்ளி இரவு தம்பிக்கு போன் போட்டார். “நான் வரலைடா.”

“வருஷத்துல ஒரே நாள்க்கா. திண்டிவனம் வழியா விடியக்காலை பஸ் இருக்கு. காலைல வந்துடலாம்ல?”

“வந்துடலாம்டா. திரும்பறது எப்படி?”

தம்பி பட்டென்று போனை வைத்துவிட்டான். அன்றிரவு அவர் தூங்கவில்லை. மழை வராமல் போய்விட்டால்? இன்னொரு அக்டோபராக ஆகிவிட்டால், வெறும் பயத்தில் அப்பாவின் திதியைத் தவறவிட்ட மகள் என்ற பேர்தானே நிற்கும்?

சனிக்கிழமை நண்பகல் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். ஞாயிறு அதிகாலைதான் திறந்தது. புயல் மாலையில் கரையைத் தொட்டு, புதுச்சேரி அருகிலேயே மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மக்களை மீட்க ராணுவம் வந்தது. திங்கட்கிழமை விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, தென்மாவட்ட ரயில்கள் பல ரத்தாகின. சில வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன.

ஞாயிறு காலை தம்பியிடமிருந்து போன். “ஹால்ல முழங்கால் தண்ணிக்கா. நல்லவேளை நீ வரலை.” கொஞ்சம் தயங்கி, “நேத்து திதி கொடுக்க ஐயரும் வரலை. வாழைக்காய் அப்படியே இருக்கு” என்றான்.

முடிச்சூரில் சனிக்கிழமை மதியமே, மழைக்கு நடுவில், அவர் வாழைக்காய் வறுவலோடு இலை போட்டிருந்தார். காக்கைக்கு வைத்த சோறு சன்ஷேடில் நனைந்துகொண்டிருந்தது. அப்பா படத்துக்கு முன்னால் நின்று, “இந்தத் தடவை காதுல வாங்கிட்டேன்ப்பா” என்று மட்டும் சொன்னாராம்.

திங்கட்கிழமை நல்ல வெயில். “பையை மேல வெச்சிடலாமா?” என்று கேட்டார் கணவர். இப்போது கிண்டல் இல்லை.

“டிசம்பர் நேத்துதானே பிறந்திருக்கு. இருக்கட்டும்ங்க.”