15 எழுத்தில் ஒரு பித்தப்பை

சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஸ்கிரபிள் பலகை விரிந்திருக்கும். பத்து வயது மகளுக்கு வெல்லுவதில் அவ்வளவு அக்கறை இல்லை. நீளமான சொல் வைக்க வேண்டும், அதுதான் ஆசை. பலகையின் அகலம் 15 கட்டம். கையில் இருப்பதோ 7 எழுத்து. ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் மேலதிகமாக 50 புள்ளி. அது லேசில் நடக்காது. அதனால் பலகையில் அடங்காத சொற்களை ஒரு கொப்பியில் சேர்க்கத் தொடங்கினாள்.

முதல் பக்கத்திலேயே ராட்சசன்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவோல்கேனோகோனியோசிஸ். 45 எழுத்து. எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள். உண்மையில் எந்த டொக்டரும் அப்படிச் சொல்வதில்லை, சிலிக்கோசிஸ் என்று முடித்துவிடுவார்கள். 1935-ல் அமெரிக்கச் சொற்புதிர்ச் சங்கமொன்றின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே இட்டுக்கட்டிய சொல் இது. ஒக்ஸ்ஃபோர்ட் அகராதி வரை போய்விட்டது.

"இதை எப்பிடியம்மா பாடமாக்கிறது?" என்றாள். "பாடமாக்காத, வெட்டு" என்றேன். நியூமோனோ நுரையீரல். அல்ட்ரா மிக. மைக்ரோஸ்கோபிக் நுண்ணிய. சிலிக்கோ சிலிக்கா. வோல்கேனோ எரிமலை. கோனி தூசி. ஓசிஸ் நோய். ஏழு துண்டு. ஐந்து நிமிடத்தில் மூச்சுவிடாமல் சொல்லிக்காட்டினாள்.

அடுத்தது ஃப்ளொக்சினோசினிஹிலிபிலிஃபிகேஷன், 29 எழுத்து. ஒன்றைப் பெறுமதி இல்லாததென்று தள்ளிவிடுவது. ஒரு பொருளுக்கும் பெறாது என்று சொல்ல இலத்தீனில் இருந்த நாலு சொற்களை வரிசையாக ஒட்டிச் செய்தது. அதில் ஒன்றுக்குக் கம்பளித் துணுக்கு என்று அர்த்தம், இன்னொன்றுக்கு மயிர். கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா சிரித்துவிட்டா. "நாங்கள் தூசுக்கும் மதிக்கேல்ல எண்டுறம். அவங்கள் மயிருக்கும் மதிக்கேல்ல எண்டுறாங்கள். எல்லா ஊரிலயும் ஒரே கதைதான்."

அன்றிலிருந்து அம்மாவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டா. ஹிப்போபொட்டமஸ் என்றால் கிரேக்கத்தில் ஆற்றுக் குதிரை என்று மகள் சொன்னாள். "தமிழில நீர்யானை" என்றா அம்மா. ஒரே மிருகம், கிரேக்கருக்குக் குதிரையாகத் தெரிந்திருக்கிறது, எங்களுக்கு யானையாக. காண்டாமிருகத்தின் ரைனோ என்பது மூக்கு. அந்த மூக்கேதான் ஓட்டோரைனோலாரிங்கோலஜிஸ்ட் என்ற 21 எழுத்துச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது: காது, மூக்கு, தொண்டை டொக்டர்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வெட்டு வேலை புதிதில்லை. "வரமுடியாமலிருந்தவர்களுக்கும்" என்பது எங்களுக்கு ஒரு சொல். வர, முடியாமல், இருந்த, அவர்கள், உக்கு, உம். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஏழெட்டுச் சொல் வேண்டும். ஒட்டி ஒட்டி நீட்டுவது எங்கள் மொழியின் குணம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிரித்து எழுதுக என்று கொடுத்தால் முகம் சுளிக்கிற பிள்ளை, ஆங்கிலச் சொல்லைத் தானாகவே பிரிக்கிறாள்.

எனக்கு இந்த வித்தையை யாரும் சின்ன வயதில் சொல்லித்தரவில்லை. அதனால் நடந்த ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்போது எனக்கும் பத்து வயது. அம்மாவுக்கு வயிற்றுவலி. வீட்டில் ஆங்கிலம் சரளமாகப் பேசுவது நான் மட்டும்தான், ஆகவே ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். உங்களில் பலரும் இப்படிப் போயிருப்பீர்கள். டொக்டர் நிறையச் சொன்னார். நடுவில் ஒரு நீளமான சொல். கோலிசிஸ்டெக்டமி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் வெட்கம். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "ஒண்டுமில்லையம்மா, மருந்து தருவினமாம்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு அங்கிள் வாசித்துவிட்டு, "ஒப்பரேசன் எண்டு கிடக்கு" என்றார். எதை வெட்டுகிறார்கள் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மறைக்கிறார்கள் என்றால் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று அம்மா நினைத்துவிட்டா. ஒப்பரேசன் நாள் வரை சரியாகச் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம்.

போன மாதம் மகள் 15 எழுத்துச் சொற்களைத் தேடினாள், பலகையின் ஒரு வரிசையில் சரியாக அடங்குபவை. அன்கொப்பிரைட்டபிள் கிடைத்தது. 15 எழுத்து, ஓர் எழுத்தும் இரண்டு தரம் வராது. அதற்குக் கீழே நான் கோலிசிஸ்டெக்டமி என்று எழுதினேன். எண்ணிப் பார்த்தாள். அதுவும் 15.

"வெட்டு" என்றேன்.

எக்டமி அவளுக்குத் தெரியும், வெட்டி எடுப்பது. சிஸ்ட் பை. கோலி என்ன என்று தேடிப் பார்த்தாள். பித்தம். "பித்தம், பை, வெட்டி எடுக்கிறது" என்று அம்மம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

அம்மாவின் கை வயிற்றுத் தழும்புப் பக்கம் போனது. "பித்தப்பையோ? இவ்வளவுதானா அந்தச் சொல்லு? அண்டைக்கே இதைச் சொல்லியிருந்தா நான் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பனே."

முப்பது வருசத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அம்மாவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது என் மகள். கிரேக்கக்காரன் பித்தத்தையும் பையையும் ஒட்டியது போலவே தமிழனும் ஒட்டியிருக்கிறான்.

இப்போது கொப்பியில் மூன்று நிரல்: சொல், துண்டுகள், தமிழ். மூன்றாவது நிரல் அம்மம்மாவின் பொறுப்பு. உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். பெரியவர்கள் கட்டாயம் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நிரல் வெறுமையாகவே கிடக்கும்.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவுடன் நான்தான் போகிறேன், மகளை அனுப்புவதில்லை. விளங்காத சொல் வந்தால், "சின்னச் சொல்லில சொல்லுங்கோ" என்று டொக்டரிடம் கேட்கிறேன். அவர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள்.