எவர்சில்வர் என்று ஒதுக்கிய வாட்ச்

பிளாட்டினம் வாட்ச்சை மேஜையில் வைத்தால் எவர்சில்வர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கையில் எடுத்தால்தான் கனம் காட்டிக்கொடுக்கும். ஒரு கன சென்டிமீட்டர் எவர்சில்வர் ஏறக்குறைய 8 கிராம். பிளாட்டினமோ 21 கிராமுக்கு மேல், தங்கத்தையே மிஞ்சும். படேக் பிலிப் கம்பெனி தன் பிளாட்டினக் கேஸில் 6 மணிப் பக்கம் சின்னதாக ஒரு வைரம் பதிக்கிறது, தெரிந்தவர்களுக்கு அடையாளமாக. ஜப்பானில் 1960-ல் வந்த முதல் கிராண்ட் சீகோவை 2017-ல் அதே சாயலில் மறுபடி செய்தபோது எவர்சில்வர், தங்கம், பிளாட்டினம் மூன்றிலும் விட்டார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் கண் தங்கத்துக்குத்தான் ஓடும்.

கட்டுமாவடி மீன் மார்க்கெட் பக்கம் வாட்ச் ரிப்பேர்க் கடை போட்டிருக்கும் என்னிடம் அதெல்லாம் சர்வீஸுக்கு வராது. வருவது எச்.எம்.டி. ஜனதா, பைலட், சோனா. அப்புறம் வெளிநாடு போய்வந்த சபுராளிகள் கொண்டுவந்த சீகோ 5, ரிக்கோ, சிட்டிசன். ஆனாலும் அந்தப் பிளாட்டினத்தைத் தேடுகிறவருக்கும், பழைய ஜனதாவைத் தேடுகிற நம்ம ஊர்ப் பையனுக்கும் வேண்டியது ஒரே கண்தான். மின்னாததை எடுத்துத் திருப்பிப் பார்க்கிற கண்.

ஜனதா பெரிய சரக்கு இல்லை. 1961-ல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கிய தொழிற்சாலையின் வழி வந்த மெஷின். 17 ஜுவல், கையால் சாவி கொடுப்பது, விநாடிக்கு ஐந்து டிக். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகுதான் சேகரிக்கிறவர்கள் விழித்துக்கொண்டார்கள். கூடவே ரீடயல் சரக்கும் குவிந்தது. மயில் நீலம், ஆரஞ்சு என்று பழைய டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விடுகிறார்கள். ஐகிளாஸை வைத்துப் பாருங்கள்: எழுத்து தடித்திருக்கும், நிமிஷக் கோடு மணிக் கோட்டோடு சேராது, டயல் விளிம்பில் பெயின்ட் வழிந்திருக்கும். பழுப்பேறிய அசல் டயல் இருந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். கறை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துடைக்கப் போகாதீர்கள். ஈரத் துணி பட்டால் எழுத்து துணியோடு வந்துவிடும்.

எனக்குத் தொழில் கொடுத்தவர் அறந்தாங்கியில் கடை வைத்திருந்த ஒரு பாய். கேஸைப் பஃப்பில் பிடிக்க விடவே மாட்டார். லக் ஓரத்தில் இருக்கும் கூர் ஒருமுறை மழுங்கினால் திரும்ப வராது என்பார். பழைய ஜனதா கேஸ் பலதும் பித்தளை மேல் குரோம் பூச்சு. பஃப்பில் வைத்தால் மஞ்சள் தெரிந்துவிடும். பிளாட்டினத்துக்கு வேறு சங்கடம். கீறல் விழுந்தால் உலோகம் உதிராமல் ஓரமாக ஒதுங்கும். பாலிஷ் போட்டால் ஒதுங்கினதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடுவோம். கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. அக்ரிலிக் கண்ணாடியில் பற்பசை வைத்துப் பருத்தித் துணியால் தேய்த்தால் கீறல் போகும், அதை பாயே செய்வார்.

எங்கள் கடற்கரையில் வாட்ச்சைக் கொல்வது உப்புக் காற்று. அது சாவி வழியாகத்தான் உள்ளே போகும். முதலில் துருப்பிடிப்பது ஸ்டெம். அந்தத் துருத்தூள் மெல்லப் போய் பேலன்ஸ் வரை உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் என் மேஜைக்கு வரும் வாட்ச்சுகளில் திருகாணி தலை முறிந்து மெஷினின் பித்தளைத் தட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது ஒன்றிரண்டாவது இருக்கும். அவசரக்காரர்கள் டிரில் போட்டுத் தட்டைக் கெடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள்.

பாய் காட்டிய வழி படிகாரம். தட்டிலிருந்து எஃகுச் சாமான் ஒன்று விடாமல் கழற்ற வேண்டும். ஒரு ஸ்பிரிங் மிச்சமிருந்தாலும் அதையும் படிகாரம் தின்றுவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, கரைகிற மட்டும் படிகாரத் தூள் போட்டு, வெறும் தட்டை அதில் முக்கி, தண்ணீர் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் முறிந்த திருகாணியைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். குமிழி வந்தால் வேலை நடக்கிறது. எஃகு கறுத்து, மாவு மாதிரி ஆகும். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. சில திருகாணி ஒரு ராத்திரியில் கரையும், சிலது இரண்டு நாள் எடுக்கும். நடுவில் குத்திப் பார்க்கக் கை அரிக்கும். குத்தாதீர்கள். கரைந்த பிறகு மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி ஓட்டையைச் சுத்தம் செய்தால் மரை புதுசு மாதிரி இருக்கும்.

இன்னொன்று காந்தம். வாட்ச் திடீரென்று வேகமாக ஓடுகிறதென்று போட்டுக்காரர்கள் வருவார்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் கழற்றி வைத்திருப்பார்கள். ஹேர்ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே ரெகுலேட்டரைத் திருப்புகிற மெக்கானிக் உண்டு, அது கூடாது. சின்னக் காம்பஸை அருகில் கொண்டுபோனால் முள் துள்ளிக் காட்டிக்கொடுக்கும். டிமேக்னடைசரில் காட்டி எடுத்தால் போதும், ஒரு திருகும் தொட வேண்டாம். அப்படியும் ஒட்டினால் அது எண்ணெய். முன்னால் சர்வீஸ் பண்ணினவர் தாராளமாக விட்டிருப்பார். வெள்ளைப் பெட்ரோலில் ஸ்பிரிங்கை அலசி, ஊதாமல் தானாக உலர விட வேண்டும்.

ஓவராயிலிங் முடிந்ததும் கொடுத்துவிடக் கூடாது. டயல் மேலே பார்க்க ஒரு நாள், கீழே பார்க்க ஒரு நாள், சாவி கீழே தொங்க ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இப்போது டைம்கிராபர் ஒரு நிமிஷத்தில் கோடு போட்டுக் காட்டுகிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் நாள் காலையில் நின்றுபோகிற வாட்ச்சை அந்த மெஷின் சொல்லாது. இவ்வளவும் சரியாக இருந்தால் பழைய ஜனதா நாளைக்கு அரை நிமிஷம் முன்னே பின்னே ஓடும். அதற்கு மேல் துல்லியம் கேட்கிறவரிடம், சட்டைப் பையில் இருக்கும் செல்போனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.