அறுபது வீட்டுக் கொல்லை

அச்சிறுபாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, ஏரிக்கரையோடு போனால் அந்த இரண்டரை ஏக்கர் கொல்லை வரும். கணவனும் மனைவியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி பக்கத்து அறுபது குடும்பங்கள் ஆடி மாதமே இவர்களிடம் பணம் கட்டிவிடுகின்றன. புரட்டாசியிலிருந்து பங்குனி வரை வாரம் ஒரு கூடை காய்கறி அந்த வீடுகளுக்குப் போகிறது. இன்ன காய்தான் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அந்த வாரம் கொல்லையில் என்ன விளைந்ததோ அதுதான் கூடை.

2024 ஆடியில் தொடங்கி ஒரு பட்டம் முழுக்க அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். "விளைய வெக்கிறது பெரிய வேலை இல்ல சார். வாரா வாரம் விளைய வெக்கிறதுதான் வேலை" என்றார் நிலத்துக்காரர். அதன் முழுப்பொருளும் அவர்களுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சாதாரணமாகக் காய்கறி போடுகிறவர் அரை ஏக்கர் வெண்டை, அரை ஏக்கர் கத்தரி என்று போட்டு, காய்ப்பு மும்முரமாக வரும்போது மூட்டை கட்டி மண்டிக்கு ஏற்றிவிடுவார். இங்கே அது நடக்காது. ஒரே வாரத்தில் இருநூறு கிலோ வெண்டை வந்தால் அறுபது வீடு என்ன செய்யும்? அடுத்த வாரம் ஒன்றுமே வராவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் எல்லாமே சின்னச் சின்னப் பாத்திகள். சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்த இருபத்தைந்தாம் நாள் பிடுங்கத் தயார் என்பதால் வாரம் தவறாமல் ஒரு பாத்தி கீரை விதைத்தாக வேண்டும். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கி, நன்றாகக் காய்த்து, பிறகு சோர்ந்துபோகும். அதற்குள் அடுத்த நடவு கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு வெண்டை விதைப்பு. கத்தரி நாற்றங்காலில் ஒரு மாதம், நட்டபின் இரண்டு மாதம் காக்க வைக்கும். காய்ப்புக்கு வந்துவிட்டால் மாதக்கணக்கில் நின்று கொடுக்கும். அவரையை ஆடியில் ஊன்றினாலும் பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் பூக்கும். இப்படி ஒவ்வொன்றின் நாளையும் பின்னாலிருந்து எண்ணி, எந்த வாரக் கூடைக்கு எது என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார் நிலத்துக்காரரின் மனைவியான அந்த அம்மா. கணக்கு முழுக்க அவர் கையில்தான். நாற்பது வகைப் பயிர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கல்லூரியில் இதைப் பாடமாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள் ஐந்து பேர். அவர்களில் மூத்தவரை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெண்டை அறுப்புக்கு அவரோடு போனேன். இன்னும் சரியாக விடியவில்லை. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் பழைய முழுக்கைச் சட்டை; வெண்டைச் சுனை பட்டால் நாள் முழுக்க அரிக்கும் என்பதற்காக. இடது கையால் இலையைப் புரட்டி, வலது கையிலுள்ள சின்னக் கத்தியால் காம்பை அறுத்து, மடியில் கட்டிய சாக்கில் போடுகிறார். கடையில் நாம் முனையை ஒடித்துப் பார்க்கிற வேலையே இங்கே இல்லை. விரலை வைத்த மாத்திரத்தில் பிஞ்சா முற்றலா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "ஒருநாள் விட்டு ஒருநாள் அறுத்துடணும் தம்பி. ஒண்ணை இலைக்கடியில விட்டுட்டோம்னு வெச்சுக்க, அது முத்திப்பூடும். முத்தினது செடியில இருந்தா மத்ததும் காய்க்காது" என்றார். அது உண்மையும்கூட, விதை முற்றத் தொடங்கிவிட்டால் செடி புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். நான் ஒரு சால் முடிப்பதற்குள் அவர் மூன்று சால் முடித்திருந்தார். திரும்பி வரும் வழியில் நரம்பெல்லாம் மஞ்சளாகிப்போன இரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார். மஞ்சள் தேமல். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி பரப்பும். மருந்தடிக்காத நிலத்தில் நோய் கண்ட செடியைக் கண்டவுடன் பிடுங்கும் இந்தக் கண்தான் முதல் மருந்து. ஐந்து கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து நூறு லிட்டருக்குக் கரைத்தடிப்பது அதற்கு அடுத்ததுதான்.

அறுப்பு நாளில் ஒன்பது மணிக்குள் எல்லாம் கொட்டகை நிழலுக்கு வந்துவிட வேண்டும். கீரையை ஈரச்சாக்கில் சுற்றி, காயை எடைபோட்டு, அறுபது கூடை கட்டி, மதியம் வண்டி கிளம்பும். ஒரு கூடை ஏறக்குறைய ஐந்து கிலோ.

முன்பணம் வாங்கிக்கொண்டு வாராவாரம் கூடை அனுப்பும் இந்த ஏற்பாடு இவர்களாகக் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் 1970-களில், பூச்சிமருந்து கலந்த உணவைக் கண்டு பயந்த குடும்பத்தலைவிகள் உழவர்களோடு நேரடியாகக் கைகோத்தார்கள். தெய்க்கெய் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் இதைத் தொடங்கின. டெம்பிள்-வில்டனில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு தொடக்கத்தில் பண்ணையின் மொத்தச் செலவையும் உறுப்பினர்கள் முன் வைப்பார்கள். அவரவர் தம்மால் முடிந்த தொகையைச் சொல்லி அந்தச் செலவை நிரப்புவார்கள். கிலோவுக்கு விலை என்ற பேச்சே கிடையாது. நிலத்தை ஓர் ஆண்டு நடத்த என்ன ஆகுமோ அதைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று அறிய மண்டிக்குப் போனால் போதும். விதைக்கும் எருவுக்கும் முன்பணம் கொடுத்த மண்டிக்காரரிடமேதான் காயைப் போட்டாக வேண்டும். அவர் சொல்வதுதான் விலை, அதிலும் கமிஷன் கழியும். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. அதே தக்காளியைப் பறிகூலிக்கும் கட்டாது என்று சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் மாதங்களும் உண்டு. ஆடியிலேயே கையில் பணம் இருக்கிறவருக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை. நிலத்துக்காரர் கடன் வாங்காமல் எரு அடித்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சிறு விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு புரட்டாசியில் கூடை நிறைந்து வழிந்தது. ஊரே சைவத்துக்கு மாறும் மாதம்; வீடுகளிலும் வரவேற்பு. ஐப்பசி மழைக்கு மேட்டுப்பாத்தி தாக்குப்பிடித்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கொல்லைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். பீர்க்கன் பந்தல் கல்லுக்காலோடு சாய்ந்து கிடந்தது. கீரைப் பாத்திகள் அழுகிப்போயிருந்தன. கத்தரிச் செடிகள் நிமிர்ந்து நின்றாலும் வேரில் மூச்சு இல்லை. இரண்டு நாள் வெயில் அடித்ததும் வாடிச் சரிந்தன. வேரழுகல் பரவாமலிருக்க எஞ்சிய செடிகளுக்குச் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிரைக் கரைத்து ஊற்றினார்கள்.

அந்த வாரமும் கூடை போனது. சாய்ந்த வாழைகளின் தண்டு, பூ, காய், வேலியோர முருங்கைக்கீரை, பப்பாளிக்காய், வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்கண்ணி, வல்லாரை. ஓரங்களில் ஆண்டுக்கணக்காக நிற்கிற, நோட்டில் பத்தியே இல்லாத செடிகள்தான் அந்த மாதத்தைக் காப்பாற்றின. அடுத்த வாரமும் வாழைத்தண்டு. மூன்றாவது வாரமும். சிலர் முணுமுணுத்தார்கள். நான்கு வீடுகள் விலகின. மீதிப் பணத்தைப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற வீடுகள் நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பந்தலைத் தூக்கி நிறுத்தக் கை கொடுத்ததும் உண்டு. பொங்கல் கூடைக்கு மொச்சையும் அவரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வந்துவிட்டன.

மாசியில் உறுப்பினர்களைக் கொல்லைக்கு அழைத்து, வரவு செலவை வாசித்தார்கள். புயல் நட்டத்தில் நிலத்துக்காரர் பங்கு எவ்வளவு, உறுப்பினர் தாங்கியது எவ்வளவு என்று தெளிவாக எழுதியிருந்தது. அறுப்புக்கார ஐந்து பெண்களும் கொட்டகையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்களும் சொல்லுங்கள் என்று அந்த அம்மா கூப்பிட்டதும் ஆயா எழுந்தார். "உங்களுக்குக் கூடை வந்துச்சு. இவங்களுக்குப் பணம் முன்னாடியே வந்துச்சு. மழை பேஞ்ச பத்து நாளும் எங்களுக்குக் கூலி இல்ல. நூறு நாள் வேலையும் அப்ப இல்ல." அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை.

எனக்கு அந்தப் பட்டத்தின் மிக முக்கியமான பேச்சு அதுதான். நட்டத்தைப் பகிர்ந்துகொள்வதற்காகவே உண்டான ஏற்பாடு இது. உழவருக்கும் உண்பவருக்கும் நடுவே அது நன்றாகப் பகிரப்பட்டிருந்தது. காயை அறுக்கிற கை மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. இயற்கை விவசாயம் பற்றி எழுதும் நாமும் மண்புழுவைப் பற்றி எழுதுகிற அளவுக்குக் களை எடுக்கிறவரைப் பற்றி எழுதுவதில்லை.

அன்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கட்டணத்தைக் கூட்டினால் விலகுவோம் என்று இரண்டு பேர் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கூடையில் ஒரு காய் குறைந்தாலும் பரவாயில்லை, மழைநாள் கூலியைச் செலவுக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள் என்றார். கடைசியில் அப்படியே முடிவானது. அடுத்த ஆடியிலிருந்து மழையாலோ புயலாலோ வேலை நின்றால் ஐந்து பேருக்கும் அரைக்கூலி. அதற்காக ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டும். சித்திரை, வைகாசியில் கூடை நிற்கும் வாரங்களுக்கு விதை எடுப்பு, நாற்றங்கால், பந்தல் வேலை என்று நாள் பிரித்து முழுக்கூலி. பயிர் வகை நாற்பதிலிருந்து இருபத்தெட்டாகக் குறையும். இரவிலும் புழுங்குகிற கோடையில் பூவை உதிர்க்கும் தக்காளிக்கு அந்தப் பட்டத்தில் இடமில்லை. வாழையும் முருங்கையும் இன்னொரு வரப்புக்கு நீளும். ஆயா கேட்டு வாங்கியது இன்னொன்றும் உண்டு: வெண்டை அறுப்புக்குக் கையுறையும் புதுச் சட்டையும், பண்ணைச் செலவில்.