கர்னல்வரை இறங்கினால்

பழைய போனில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றும் வேலையில் பாதி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே போய்விடும். திரை எரியாது. ஆனால் யுஎஸ்பி கேபிளின் மறுமுனையில் இருக்கும் கணினியில் புதிதாக ஒரு நெட்வொர்க் இணைப்பு முளைக்கும். 172.16.42.1 என்ற முகவரிக்கு பிங் கொடுத்துப் பதில் வந்துவிட்டால், இயங்குதளத்தின் அடித்தளமான கர்னல் எழுந்துவிட்டது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம்.

கூடவே வரும் செயலிகளை நீக்கிவிட்டால் போன் நம் கைக்கு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வேலை அதற்கும் கீழே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஓடுவதும் லினக்ஸ் கர்னல்மேல்தான்; ஆனால் சிப் நிறுவனம் பழைய பதிப்பொன்றைக் கிளைபிரித்து, தன் மாற்றங்களைச் சேர்த்துக் கொடுத்த கர்னல் அது. அந்த மாற்றங்களில் பெரும்பகுதி லினக்ஸின் பொது மூலநிரலுக்குப் போய்ச் சேர்வதில்லை. நிறுவனம் கைவிட்ட பிறகு பேட்டரியில் சார்ஜ் நிற்கும், கேமரா படம் எடுக்கும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வராது. 2017இல் ஆலிவர் ஸ்மித் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸைத் தொடங்கியபோது ஒரு போனுக்குப் பத்தாண்டு ஆயுள் என்று இலக்கு வைத்தது இதனால்தான்.

2015இல் இந்தியாவில் விற்ற ரெட்மி 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்டிராகன் 410 சிப், ஆண்ட்ராய்டு 4.4. ஒரே மாடல்தான், ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்ப்ளே வேறுவேறு தயாரிப்பாளர்களுடையது. ஒன்றுக்கான தொடக்கக் கட்டளைகளை இன்னொன்றுக்கு அனுப்பினால் எதுவும் தெரியாது. எந்த டிஸ்ப்ளே என்பதைப் போனோடு வந்த, கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் அறியும். பொது மூலநிரலிலிருந்து கட்டிய கர்னல் அறியாது. எல்கே2என்டி என்றொரு சின்ன பூட்லோடர் நடுவில் நின்று அந்தத் தகவலை வாங்கிக் கர்னலுக்குக் கொடுக்கிறது. முகம் தெரியாத யாரோ தங்கள் சொந்த நேரத்தைப் போட்டு எழுதியது. பொதுவில் வைத்ததால் அதே சிப் உள்ள எத்தனையோ போன்கள் பிழைத்தன. இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய மரியாதை அவர்கள்மேல்தான்.

மோடம் இன்னும் மூடியே இருக்கிறது. லினக்ஸுக்காகவே செய்த லிப்ரெம் 5, பைன்போன் இரண்டிலும்கூட ரேடியோவை இயக்கும் ஃபர்ம்வேரின் மூலநிரல் கிடைக்காது. அதனால் மோடத்தை அணைத்துப்போட அவற்றில் தனி சுவிட்சே வைத்திருக்கிறார்கள். நேர்மையான வழி.

இப்போது என்னை அதிகம் கோபப்படுத்துவது அனுமதிச் சீட்டு விவகாரம். வங்கிச் செயலிகள் பல, கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கேட்கின்றன. கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டு, பூட்லோடரை மறுபடி பூட்டி, திருத்தங்களை உடனுக்குடன் வாங்கும் பிக்சல் போன் அந்தச் சோதனையின் அடிப்படை நிலையைத் தாண்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் திருத்தமே காணாத போன், சான்று பெற்ற மாடல் என்பதால் அதற்கு அடுத்த நிலையிலும் தேறிவிடுகிறது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. யார் போட்ட மென்பொருள் என்றுதான் அந்தச் சோதனை பார்க்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தினமும் பேசும் போனில் கை வைக்காதீர்கள். கூட ஒன்று வாங்குங்கள். ஸ்னாப்டிராகன் 845 உள்ள பழைய ஒன்பிளஸ் 6 நல்ல தேர்வு. பொதுக் கர்னலிலேயே ஓடும், பூட்லோடரைத் திறக்க யாரிடமும் குறியீடு கேட்டு நிற்க வேண்டாம். கேமராவை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.