நீலச் சுடர்

எங்கள் வீட்டின் பின்புறத்தில் இரண்டு பசுக்களும், அவற்றின் சாணத்தால் நிறையும் எரிவாயுத் தொட்டியொன்றும் உண்டு. நானுஓயாக் குளிரில் அந்த நீலச் சுடரில் கொதிக்கும் தேநீரின் சுகத்தை நான் வருணிக்க வேண்டியதில்லை. சென்ற மார்கழியில் அவ்வடுப்பின் முன் குளிர்காய்ந்த பேரன், "சின்னத் தாத்தா, இதில் எரிகிற மீதேன்தான் எங்கள் பகைவன்" என்றான்.

அவன் என் தமையனாரின் பேரன். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி இந்தியா சென்ற குடும்பம் அது. இப்போது தன்பாத்தில் சுரங்கப் பொறியியல் பயில்கிறான். மண்ணுக்கு மேலே பிழைப்பில்லையென்றா உள்ளே இறங்குகிறான் என்று என் மனைவிக்குப் பெருங்குறை. 1965 மே 28ஆம் நாள், பொக்காரோவை அடுத்த தோரிச் சுரங்கம் வெடித்து 268 பேர் மாண்டதை நான் அறிவேன். ஆதலால் அவளைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை.

அவன் பொறுமையாக விளக்கினான். நிலக்கரியின் நுண்துளைகளில் மீதேன் அழுத்தத்தால் ஒட்டிக் கிடக்கிறது. கரியை வெட்டினால் அழுத்தம் தளர்ந்து வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். 1.25 பங்கை எட்டியதுமே ஆட்களை வெளியேற்ற வேண்டுமென்பது இந்தியச் சுரங்க விதி. ஆகவே வெட்டத் தொடங்குமுன்பே கரியில் நீண்ட துளைகளிட்டு, வாயுவைக் குழாய் வழியே உறிஞ்சி மேலே கொணர்கிறார்கள்.

"பலமாக உறிஞ்சினால் வேலை சீக்கிரம் முடியுமே!" என்றேன்.

"அங்கேதான் ஆபத்து, சின்னத் தாத்தா! பாறை வெடிப்புகளின் வழியே காற்றும் புகுந்து, குழாய்க்குள்ளேயே வெடிக்கும் கலவை உண்டாகிவிடும்."

அதனால் துளையின் வாயில் குழாய் பொருத்திச் சீமெந்தால் இறுக அடைக்க வேண்டுமாம். கரியை எடுத்தபின் சரியும் கூரைப் பாறையிலிருந்தும் வாயு இறங்குமாம். அதற்கென மேல்நோக்கிச் சாய்வாகத் துளையிடுவார்கள். சாய்வு தாழ்ந்தால் பாறை சரிகையில் துளை நசுங்கிவிடும். மிக உயர்ந்தால் வாயு அகப்படாது. அந்தச் சாய்வைக் கணக்கிடுவதே அவனுடைய இறுதியாண்டு ஆய்வு. கவ்வாத்துக் கத்தியின் சாய்வு பிழைத்தால் எங்கள் மலையில் தேயிலைச் செடிதான் பட்டுப்போகும்.

"கணக்குப் பிழைத்தால்?" என்று என் மனைவி கேட்டாள்.

"பிழைக்கக் கூடாதென்றுதான், சின்னப் பாட்டி, வெட்டுகிறவர்களோடு நானும் இறங்கி அளந்து பார்க்கிறேன்."

அவள் பதில் பேசவில்லை. எழுந்து சென்று அடுப்பின் குழாயைத் திருகி மூடினாள். மூடியதை ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்த்தாள்.