எட்டு மூலைச் சந்தை

“ஒரு கட்டடத்தையே கழற்றி எடுத்து வைச்சிருக்காங்க” என்று அப்பா சொன்ன நாளிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். 1986. சிங்கப்பூரின் ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த காலம். அதிர்வில் பழைய வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடக் கூடாதென்று, தெலுக் ஆயர் சந்தையைத் தூண் தூணாக, வளைவு வளைவாகப் பிரித்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். எங்கள் வாயில் அது எப்போதும் லாவ் பா சாட். செசில் ஸ்திரீட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மதியம் பசியாறும் இடம் போயிற்று. எனக்கோ தூக்கம் போயிற்று. அத்தனை பெரிய சந்தையை எப்படிக் கழற்றுவார்கள், கழற்றினால் எங்கே வைப்பார்கள்? எந்தத் துண்டு எங்கே சேரும் என்பதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

துண்டுகள் மறுபடி ஒன்றுசேர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடைகள் திறந்ததும், ஒரு சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு கிளம்பினோம். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார். அப்பா எங்களை நேராக அங்கே கூட்டிப்போகவில்லை. தெலுக் ஆயர் ஸ்திரீட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே எழுப்பிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. அதன் உச்சியில் பொம்மை வீட்டுக்கு வைத்ததுபோல் சின்னச் சின்னச் சாளரங்கள். அதே வரிசையில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில், கடல் தெய்வம் மாஸுவுக்கு உரியது. “இதோ, நீ நிக்கிற இடம் வரைக்கும் கடல் இருந்துச்சு. கப்பல்ல வந்தவங்க கரையேறின உடனே கும்பிட்டது இங்கதான்” என்றார். சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள் வானத்தை மறைத்து நின்றன. நான் தார்ச்சாலையைக் குனிந்து பார்த்தேன்.

சந்தையும் முதலில் அந்தக் கடலோரத்தில் இருந்ததுதான். அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் கோல்மன் வரைந்த எண்கோணச் சந்தை 1838இல் முடிந்தது. பிறகு கடலைத் தூர்த்தார்கள், அந்தக் கட்டடம் போனது. தூர்த்த நிலத்தில் 1894இல் புதிய சந்தையை எழுப்பியவர் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி. நாங்கள் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போகும் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. எட்டு மூலை வடிவத்தை அவர் விடவில்லை, இரும்பை மட்டும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வரவழைத்தார். துண்டு துண்டாக வந்து பூட்டப்பட்ட கட்டடம் என்பதால்தான் தொண்ணூறு வருஷம் கழித்துத் துண்டு துண்டாகக் கழற்றவும் முடிந்திருக்கிறது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு படித்துச் சேர்த்துக்கொண்டது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தூண். உள்ளே நுழைந்ததும் தம்பி ஐஸ் கச்சாங் கடையைத் தேடி ஓட, நான் தூணைத் தேடிப் போனேன். என் இடுப்பளவு திண்டிலிருந்து மெலிந்து உயர்ந்து, உச்சியில் இலை விரித்து நின்றது. பூச்சு மேல் பூச்சாக வண்ணம் ஏறி, கொடியின் வளைவுகள் மழுங்கியிருந்தன. வளைவும் தூணும் சேரும் இடத்தில் வண்ணத்துக்கு அடியில் ஒரு புடைப்பு தெரிந்தது. எட்டிப் பிடித்துத் தடவினேன். ஆறு பக்கமும் விரலில் பட்டது. போல்ட்டின் தலை! இத்தனை வருஷமாக நான் கேட்ட கேள்விக்குப் பதில் என் விரல்நுனியில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், நடுக் கோபுரத்திலிருந்து எட்டுத் திக்கும் நடைபாதைகள் பிரிந்து போயின. ஒவ்வொன்றின் மேலும் இரும்புச் சரிகை வேலை, அதற்குக் கீழே விளக்கும் ஆவியும் கூட்டமும்.

எங்கள் புளோக்குக்குக் கீழிருந்த கடைகளைவிட விலை கூடுதல். அம்மா ஒவ்வொரு பலகையையும் படித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார். தரை பளபளத்தது, கழுத்துப்பட்டை கட்டியவர்களும் கேமரா மாட்டிய வெள்ளைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாமும் உட்காரலாமா என்ற தயக்கம் அம்மாவின் நடையிலேயே தெரிந்தது. அப்பா நேராக ஒரு மீ கோரெங் கடையின் முன் போய் நின்றார்.

“என்ன பாய், காரம் குறையாம நாலு பேருக்கு ரெண்டு தட்டு.”

“பிள்ளைங்களுக்குமாண்ணே?”

“பிள்ளைங்களுக்கும்தான்.”

கடைக்காரர் எண்ணெயில் வெங்காயத்தை வீசினார். அரைத்த மிளகாய், தக்காளி சாஸ், வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகள், தௌஃபு, பிறகு மஞ்சள் மீ. கரண்டி சட்டியின் விளிம்பில் அடித்த அடியில் நெருப்பு உள்ளே பாய்ந்து அடங்கியது. மீயை ஓரம் தள்ளி, நடுவில் முட்டையை உடைத்து, அது பாதி வெந்ததும் எல்லாவற்றையும் அதன்மேல் புரட்டினார். தட்டுக்கு வந்தபோது சிவப்பாக, ஓரங்களில் கருகி, பக்கத்தில் வெள்ளரிக்காயும் சாஸுமாக இருந்தது. சீன மீயை எடுத்து நம் காரத்தில் போட்டுப் புரட்டி, மலாய்ப் பெயரும் வைத்த தமிழ் முஸ்லிம்களின் கைமணம் அது. எந்த ஊரில் எந்த நட்சத்திர ஓட்டலில் சாப்பிட்டாலும் அந்தக் கருகல் ருசி எனக்குக் கிடைத்ததில்லை.

1973லேயே இந்தச் சந்தையைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அருங்காட்சியகமாக வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், புகைக்கும் எண்ணெய்க்கும் கூட்டத்துக்கும் திறந்துவிட்டார்களே, அதற்காக நான் இந்த ஊருக்கு நன்றி சொல்வேன். இப்போதும் பொழுது சாய்ந்தால் பூன் டாட் ஸ்திரீட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு மேசை போடுகிறார்கள். சாத்தே சுடும் புகை சந்தையின் ஓட்டுக்கூரை வரை ஏறுகிறது. அந்த இரும்புக்கு அதுதான் உயிர் என்பேன்.

அன்றைக்கு இரண்டு தட்டும் எங்களுக்குப் பற்றவில்லை. அம்மா தன் பங்கைத் தம்பி பக்கம் தள்ளுவதை அப்பா பார்த்துவிட்டார். சட்டைப்பையிலிருந்த வெள்ளியை எண்ணிக்கூடப் பார்க்காமல் எழுந்து போய், “பாய், அம்மாவுக்குத் தனியா ஒரு தட்டு” என்றார்.