மேற்கோளும் மேன்மையும்

ஆண்டுதோறும் நாளிதழ்களில் ஒரு செய்தி வருகிறது. உலகின் தலைசிறந்த 2 விழுக்காட்டு அறிவியலார் பட்டியலில் இன்ன ஊர்ப் பேராசிரியர் இடம்பெற்றார் என்பதே அச்செய்தி. வாழ்த்துத் தட்டிகளும் உடனே முளைத்துவிடும். வாழ்த்த வேண்டியதுதான். ஆனால் அந்த இடத்தை அளந்த கோல் எது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

அந்தக் கோலின் பெயர் மேற்கோள். ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பின்வந்தவர் தம் கட்டுரையில் எடுத்துக் காட்டினால் அது ஒரு மேற்கோள். பழைய தீர்ப்பொன்றைப் பின்னாளில் எந்தெந்த வழக்கில் எடுத்தாண்டனர் என்று காட்டும் சட்ட அட்டவணை அமெரிக்காவில் 1873 முதல் உண்டு. அதைப் பார்த்த யூஜின் கார்ஃபீல்டு என்பார், அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென 1955-இல் எழுதினார். 1964-இல் வெளியிட்டும் காட்டினார். கட்டுரை தேடுவோருக்கு வழிகாட்டவே அவர் அதைச் செய்தார். ஆனால் எண் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மனிதர் சும்மா இருப்பரோ? ஆளை அளக்கத் தொடங்கினர்.

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் 'எச் குறியீடு' ஒன்றை வகுத்தார். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 18, 6, 4, 1 முறை எடுத்தாளப்பட்டன என்று கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 4 கட்டுரைகள். எனவே அவர் குறியீடு 4. இன்னொருவர் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 3,000 முறை எடுத்தாளப்பட்டால்? அவர் குறியீடு 1 தான்! கணித மேதை எவரிஸ்த் கால்வா 1832-இல் தம் இருபதாம் வயதில் மறைந்தார். வாழ்நாளில் அவர் அச்சேற்றியவை கைவிரல்களுக்குள் அடங்கும். அந்த எண்ணிக்கையை அவர் குறியீடு என்றும் தாண்டாது. (எனக்கும் வயது இருபதுதான். செய்முறைப் பதிவேட்டையே இன்னும் முடித்தபாடில்லை.)

பீட்டர் ஹிக்ஸ் கதையும் இத்தகையதே. 1964-இல் அவர் எழுதிய கருத்துக்கு 2013-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் அவர் வெளியிட்டவை மிகச் சிலவே. இன்றைய நிலையில் தமக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திராது என்று அவரே சொன்னார். மறுபுறம், உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரை எது? புரதத்தின் அளவைக் கண்டறிய ஆலிவர் லோரி 1951-இல் எழுதிய முறை. 2014 கணக்குப்படியே 3 லட்சம் மேற்கோள்களுக்கு மேல்! அது ஒன்றும் பெரிய கட்டுரையன்று என்று லோரியே பின்னாளில் எழுதினார். பயன்பட்டது, ஆகவே எடுத்தாண்டனர். பயனும் மேன்மையும் ஒன்றாகிவிடுமா?

இதையெல்லாம் ஒருநாள் இரவு என் தந்தையிடம் சொன்னேன். அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூட்டைன்னு எண்ணினா உமியும் ஒண்ணுதாம்ப்பா, நெல்லும் ஒண்ணுதான். தூக்குறவன் முதுகுக்கில்ல தெரியும்" என்றார். ஹிர்ஷ் கூடத் தம் குறியீடு தவறான விளைவுகளையும் தருகிறது என்று 2020-இல் எழுதத்தான் செய்தார். ஆனால் என் தந்தை சொன்ன விதமே எனக்கு எளிதில் விளங்கியது.

உமி மூட்டை கட்டுவோரும் இருக்கிறார்கள். தம்மையே தாம் மேற்கோள் காட்டுவது ஒரு வகை. கூட்டுச் சேர்ந்து ஒருவரையொருவர் ஏற்றிவிடுவது மறுவகை. கணிதத் துறையில் மேற்கோள்கள் இயல்பாகவே குறைவு. சிறிது சூது செய்தாலே பட்டியல் புரண்டுவிடும். அதனால் கிளாரிவேட் நிறுவனம் 2023-இல் தன் பட்டியலிலிருந்து கணிதப் பிரிவையே நீக்கியது.

அப்படியானால் எண்ணே வேண்டாமா? நண்பர்கள் சிலர் அப்படித்தான் வாதிடுகிறார்கள். அக்கட்சியில் நான் சேரமாட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிபாரிசுக் கடிதம் தர எனக்கு எவரும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் என்ற எண் இல்லாதிருந்தால் இவ்வகுப்பறையில் எனக்கு இடம் ஏது? எண்ணை எழுப்பிவிட்டால் அந்த நாற்காலியில் வந்து அமர்வது நீதிதான் என்று யார் உறுதி சொல்வார்? 'இன்னார் மகன்' என்பதும் வந்து அமரலாம் அல்லவா? நாளை நான் ஆய்வு செய்யப் போனால், பேர் தெரியாத என் கட்டுரையைப் பேர் தெரியாத ஒருவர் எங்கோ எடுத்தாண்டார் என்பதே எனக்குச் சாட்சியாக நிற்கக்கூடும். ஆகவே எண்ணட்டும். எண்ணியபின் மூட்டையை அவிழ்த்தும் பார்க்கட்டும். வேலையும் பதவியும் கொடுப்பவர்கள் கட்டுரையைப் படிக்கச் சோம்பினால், அது ஹிர்ஷின் குற்றமன்று.

அடுத்த பருவத்தில் எங்களுக்கு லோரி முறைச் சோதனை இருக்கிறதாம். சோதனைக் குழாயில் நீலம் படியும் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். வகுப்பிலுள்ள அனைவரும் பதிவேட்டின் தலைப்பில் அவர் பெயரை எழுதுவோம். எந்த அட்டவணையும் அதை எண்ணப்போவதில்லை.